பற்றும் இலையும் நச்சுக் கிழங்கும்: கோடியக்கரைக் காந்தளை முன்வைத்துத் தொல்காப்பிய ஓரறிவுக் கோட்பாடு – ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தொடுவதை உணர்ந்து வளைந்து பற்றும் கொடி காந்தள். உண்டால் உயிரைப் பறிக்கும் கிழங்கை உடையதும் அதுவே. இவ்விரு பண்புகளையும் ஒருங்கே கொண்ட இக்கொடி கோடியக்கரையின் மணல்மேட்டுக் காடுகளில் இயல்பாக வளர்கிறது. தாவரங்களுக்கு ஊற்றுணர்வு ஒன்றே உண்டு எனத் தொல்காப்பிய மரபியல் வகுத்த ஓரறிவுக் கோட்பாட்டைக் காந்தளின் பற்றும் இயல்போடு பொருத்தி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். காந்தளுக்கு வழங்கும் பெயர்கள், சங்கப் பாடல்களில் அது இடம்பெறும் முறை, அதன் நஞ்சின் இயக்கம், நெய்தல் நிலத்தில் அது வளர்வதால் எழும் திணைச் சிக்கல் ஆகியவை ஆராயப்படுகின்றன. காந்தளின் உணர்வும் நஞ்சும் வெவ்வேறு உறுப்புகளில் வெவ்வேறு பயன் கருதி அமைந்தவை. அவற்றை ஒன்றாகக் கருதுவது புனைவின் வழக்கு. தமிழ் மரபு அவற்றை வேறுபடுத்தியே கண்டுள்ளது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: காந்தள், ஓரறிவு, மரபியல், ஊற்றுணர்வு, தலைச்சுருளி, கோடியக்கரை, நெய்தல், தாவரப் பெயராய்வு.

முன்னுரை

மனிதரைப் பற்றி இழுத்துக் கொல்லும் கொடி என்பது உலகப் புனைகதைகளில் பலமுறை வந்துள்ள கற்பனை. எச். ஜி. வெல்ஸ் 1894இல் எழுதிய சிறுகதையொன்றில் ஓர் அரிய ஆர்க்கிட் செடி தன்னை வளர்த்தவரின் குருதியையே உறிஞ்சுகிறது. ஜான் வின்டம் 1951இல் வெளியிட்ட நாவலில் நச்சுக்கொடுக்குடைய செடிகள் நடந்து திரிந்து மனிதரைத் தாக்குகின்றன. இத்தகைய கதைகளில் தாவரத்துக்கு மூன்று பண்புகள் ஏற்றப்படுகின்றன: அது உணர்கிறது, அது கொல்கிறது, உணர்ந்ததைக் கொல்ல வேண்டும் என்னும் விருப்பமும் அதற்கு உண்டு. இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதே அச்சத்தை விளைவிக்கிறது.

இவற்றுள் முதலிரு பண்புகளும் உண்மையாகவே அமைந்த கொடி தமிழ் நிலத்தில் உள்ளது. அதுவே காந்தள். குளோரியோசா சூப்பர்பா என்னும் தாவரவியல் பெயரை லின்னேயசு 1753இல் இதற்கு இட்டார். தமிழ்நாட்டின் மாநில மலர் என்னும் சிறப்பும் இதற்கு உண்டு. காந்தளைப் பற்றிய தமிழியல் ஆய்வுகள் பெரும்பாலும் மலரின் அழகையும் உவமைச் சிறப்பையும் சுற்றியே அமைந்துள்ளன. பி. எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’, கு. சீநிவாசனின் ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’ ஆகிய நூல்கள் தாவர அடையாளம் காண்பதற்கு அடித்தளமிட்டன. அவ்வடித்தளத்தின்மீது நின்று, மலரிலிருந்து இலைக்கும் கிழங்குக்கும் நோக்கைத் திருப்புவது இங்கு மேற்கொள்ளப்படும் முயற்சி.

கோடியக்கரை: நிலமும் காடும்

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரணியத்திற்குத் தெற்கே, சோழமண்டலக் கடற்கரை பாக் நீரிணையை நோக்கித் திரும்பும் முனையில் அமைந்தது கோடியக்கரை. 1991இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும்வரை இது தஞ்சை மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. காவிரிப் படுகையின் நெல்வயல்கள் முடிந்து, உப்பளமும் சதுப்பும் மணல்மேடும் தொடங்கும் எல்லை இது. 1967இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி, 2002இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. வெளிமானும் வலசைப் பறவைகளும் இதன் பரவலான புகழுக்குக் காரணம். தாவர நோக்கில் இதன் சிறப்பு, மணல்மேடுகளின்மீது வளர்ந்துள்ள உலர் பசுமைமாறாக் காடு. பாலை என உள்ளூரில் வழங்கும் மரம் இக்காட்டில் மிகுதி. முட்புதர்களும் அவற்றின்மீது படரும் கொடிகளும் இடைவெளிகளை நிரப்புகின்றன.

இலக்கியத்தில் கோடியக்கரை தனிமைக்கும் இடருக்கும் உரிய களமாகவே வருகிறது. சுந்தரர் கோடிக்குழகர்மீது பாடிய பதிகம், கடல் அருகே துணையின்றி உறையும் இறைவனை நோக்கி வினவும் போக்கில் அமைந்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் இக்காட்டின் புதைசேற்றுப் பள்ளத்தில் வந்தியத்தேவன் சிக்கிக்கொள்கிறான். நிலத்தின் இயல்பறிந்த பூங்குழலிக்கு அது இடரன்று. இடம் அறிந்தவருக்குத் தீங்கின்மை, அறியாதவருக்கு அழிவு என்னும் இவ்வமைப்பு இக்காட்டின் காந்தளுக்கும் பொருந்தும்.

கோடையில் கோடியக்கரையில் காந்தள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கிழங்கு மணலுக்குள் உறங்கும். மழை பெய்தபின் முளை வெளிப்பட்டு, அருகிலுள்ள புதரைப் பற்றி ஏறுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூக்கிறது. காய் முற்றியபின் தண்டும் இலையும் காய்ந்து மறைய, கிழங்கு மட்டும் மண்ணில் எஞ்சுகிறது.

பற்றுதல் என்னும் செயல்

கொடிகள் பற்றி ஏறும் முறை பல. அவரை போன்றவை தண்டையே கொழுகொம்பில் சுற்றுகின்றன. பீர்க்கு, பாகல் முதலியன தனியான பற்றுக்கம்பிகளை உண்டாக்குகின்றன. காந்தளுக்குத் தனிப்பற்றுக்கம்பி இல்லை. அதன் இலையே அத்தொழிலைச் செய்கிறது. ஈட்டிபோல் நீண்டு, இணைநரம்புகளோடு அமைந்த இலையின் நுனி மெல்லிய இழையாக நீள்கிறது. அவ்விழை ஒரு சுள்ளியையோ வேறோர் இலைக்காம்பையோ தொட்டால் வளைந்து சுருண்டு அதைப் பற்றிக்கொள்கிறது. தண்டின் அடிப்பகுதியில் தோன்றும் முதல் இலைகளில் இவ்விழை அமைவதில்லை; தாங்கல் தேவைப்படும் உயரத்தை எட்டியபின் வரும் இலைகளிலேயே அமைகிறது.

இவ்வளைவு எவ்வாறு நிகழ்கிறது? பற்றும் உறுப்பின் ஒரு பக்கம் பொருளைத் தொடும்போது, தொட்ட பக்கத்தைவிட எதிர்ப்பக்கத்தின் வளர்ச்சி மிகுகிறது. ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குறுகி நிற்பதால் உறுப்பு தொட்ட பொருளை நோக்கி வளைகிறது. தொடுகை ஒன்றே இதற்குத் தூண்டல். சார்லசு டார்வின் 1865இல் வெளியிட்ட ஏறுகொடிகளின் அசைவு பற்றிய ஆய்வில், இலையால் பற்றி ஏறும் கொடிகளைத் தனி வகையாகப் பிரித்து, காந்தள் இனத்தைச் சேர்ந்த கொடியையும் அவற்றுள் வைத்து ஆராய்ந்துள்ளார். பின்னர் ஜகதீச சந்திர போசு தாவரங்களின் தூண்டல் – துலங்கல் உறவைக் கருவிகளின் துணையோடு அளந்து காட்ட முயன்றார். தாவரம் தொடுகையை ஏற்று அதற்கேற்பச் செயற்படுகிறது என்பது இன்று ஐயத்துக்கு இடமற்ற செய்தி. அதனை ‘அறிவு’ என அழைக்கலாமா என்பதே வினா.

தொல்காப்பியர் கூறும் ஓரறிவு

அவ்வினாவுக்குத் தமிழ் இலக்கண மரபில் ஒரு விடை உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலான மரபியல், உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறாக வகுக்கிறது. ஊறு, சுவை, நாற்றம், காட்சி, கேள்வி என ஐம்பொறி உணர்வுகள் ஒவ்வொன்றாகக் கூடி, ஆறாவதாக மனம் சேர்கிறது. இவ்வரிசையில் முதலாவது ஊற்றுணர்வு. அவ்வுணர்வு ஒன்றை மட்டும் உடையவை புல்லும் மரமும்; அவற்றின் கிளையைச் சேர்ந்த பிறவும் அத்தகையனவே என்பது நூற்பாக்களின் கருத்து.

இங்கு மூன்று செய்திகள் கருதத்தக்கவை.

முதலாவது, ‘அறிவு’ என்னும் சொல்லின் பொருள். மரபியலில் இச்சொல் சிந்தனையைக் குறிப்பதன்று; புலனால் உணரும் ஆற்றலையே குறிக்கிறது. சிந்தனைக்கு உரிய மனம் ஆறாவதாகத் தனித்து நிறுத்தப்பட்டு, மக்களுக்கு உரியதாக்கப்படுகிறது. ஆகவே தாவரத்துக்கு ஓரறிவு உண்டு என்பதனால் அதற்கு விருப்பும் வெறுப்பும் உண்டு என்று தொல்காப்பியர் கூறியதாகக் கொள்ள இயலாது. உணர்தல் வேறு, கருதுதல் வேறு என்னும் பிரிப்பு இவ்வகைப்பாட்டிலேயே அமைந்துள்ளது.

இரண்டாவது, கொடிகளின் இடம். மரபியல் வெளிப்புறம் வயிரம் உடையவற்றைப் புல் எனவும், உள்வயிரம் உடையவற்றை மரம் எனவும் பிரிக்கிறது. காந்தளின் மெல்லிய தண்டில் அகத்தும் வயிரமில்லை, புறத்தும் வயிரமில்லை. எனவே ‘பிற’ என நூற்பா திறந்துவைத்த வாயிலின் வழியாகவே இக்கொடி ஓரறிவுயிராகிறது. இன்றைய தாவரவியல் காந்தளை ஒருவித்திலைத் தாவரமாகக் கொள்கிறது. தென்னையும் பனையும் மூங்கிலும் அப்பெரும்பிரிவைச் சேர்ந்தவையே. தொல்காப்பிய நெறியில் புல் எனப்படுபவற்றோடு காந்தளுக்கு உறவுண்டு என்று அறிவியல் காட்டுகிறது. எனினும், இரு வகைப்பாடுகளும் வெவ்வேறு அளவுகோல்களைக் கொண்டவை என்பதால் ஒன்றை மற்றொன்றின் முன்னறிவிப்பாகக் கூறுதல் பொருந்தாது.

மூன்றாவது, இக்கோட்பாட்டின் பரவல். சமண மெய்யியலும் தாவரங்களை ஊற்றுணர்வு ஒன்றே உடைய உயிர்களாக வகுக்கிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என ஓரோர் உணர்வு கூடும் வரிசையைத் தருகிறது. நன்னூல் உரியியலும் ஓரறிவுயிர் தொடங்கி ஐயறிவுயிர்வரை எண்ணி, மக்களை ஐயறிவுயிருள் அடக்குகிறது. மனத்தை ஆறாவதாகப் பிரித்து மக்களுக்கு உரியதாக்கும் தொல்காப்பியம் இவ்விடத்தில் நன்னூலிலிருந்து வேறுபடுகிறது. தாவரத்தின் நிலையைப் பொறுத்தவரை மூன்றும் ஒத்துச் செல்கின்றன: தாவரம் தொடுகையை அறியும்.

எல்லாத் தாவரத்துக்கும் உரியதாகக் கூறப்படும் இவ்வுணர்வு, ஆலிலும் அரசிலும் எளிதில் புலப்படுவதில்லை. தொட்டாற்சிணுங்கி அதனை நொடியில் காட்டும் எனினும் அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி. பண்டைத் தமிழர் கண்டிருக்க வாய்ப்பற்றது. பண்டைத் தமிழ் நிலத்தில் ஊற்றுணர்வைக் கண்ணாரக் காணக்கூடிய இடங்கள் பற்றி ஏறும் கொடிகளே. அவற்றுள்ளும் இலையே விரல்போல் வளைந்து பற்றும் காந்தள் தெளிவான சான்றாக நிற்கிறது. மரபியல் நூற்பா காந்தளை மனத்திற்கொண்டு இயற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் அந்நூற்பாவை மாணவர்க்கு விளக்க வேண்டிய ஆசிரியர் சுட்டிக்காட்டத்தக்க கொடியாகக் காந்தளைக் கொள்ளலாம்.

சங்கப் பாடல்களில் தொடுகையும் அச்சமும்

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 மலர்களுள் முதலில் நிற்பது செங்காந்தள். மகளிர் விரலுக்குக் காந்தளை உவமிப்பது சங்க இலக்கியத்தில் பரவலான வழக்கு. பொருநராற்றுப்படையின் பாடினி வருணனை அதற்கு ஒரு சான்று. விரல் என்பது தொட்டறியும் உறுப்பு. உவமை மலரிதழின் நிறத்தையும் நெகிழ்ச்சியையும் முன்னிட்டே பிறந்தது எனினும், கொடியே விரல்போன்ற இலைநுனிகளால் பற்றுவது என்பதை நோக்கும்போது உவமையின் பொருத்தம் மேலும் ஆழமாகிறது.

மறுபுறம், காந்தளை அச்சம் தரும் பொருள்களோடு இணைக்கும் போக்கும் உள்ளது. திப்புத்தோளார் பாடிய குறுந்தொகை முதற்பாடல் போர்க்களக் குருதியையும் முருகனின் மலையையும் காந்தளோடு சேர்த்து நிறுத்துகிறது. குறுந்தொகையின் மற்றொரு பாடல் வாடிக் கவிழ்ந்த காந்தளைப் பாம்பின் படத்தோடு ஒப்பிடுகிறது. தொல்காப்பியப் புறத்திணையியலில் வேலன் வெறியாடும் துறைக்குக் ‘காந்தள்’ என்பதே பெயர். குருதி, பாம்பு, வெறியாட்டு ஆகிய மூன்றும் ஒரு மலரைச் சூழ்ந்து வருவது தற்செயலாக இருக்கலாம். நிறத்தாலும் வடிவத்தாலும் முருக வழிபாட்டாலும் அதனை விளக்கிவிடலாம். ஆனால் கிழங்கின் கொடுமையை நேரில் அறிந்த மலைவாழ் மக்களிடையே பிறந்த மரபு இது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவ்விரு போக்கும் சந்திக்கும் பாடல் கபிலரின் குறுந்தொகை 361. தலைவனின் மலையில் மாலையில் பெய்த மழையால் பெருகிய நீர், காலையில் ஒரு காந்தளை வேரோடு அடித்துக்கொண்டு வருகிறது. தலைவி அதனை இலை குழையும்படி தழுவுகிறாள். பின் வீட்டுக்குக் கொண்டுசென்று நடுகிறாள். அன்னை அதனைத் தடுக்கவில்லை. அச்செயலுக்குக் கைம்மாறாக மேலுலகமும் சிறிது என்று தலைவி நன்றி பாராட்டுகிறாள்.

இப்பாடலில் இரு தாவரவியல் உண்மைகள் உள்ளன. ஒன்று, மலரைமட்டும் கொண்டுவந்து நட இயலாது. கிழங்கோடு கூடிய முழுச்செடியே மறுபடி வளரும். ஆற்றுநீர் கொண்டுவந்தது முழுக் காந்தள் என்று புலவர் குறிப்பது இதனால் பொருளுடையதாகிறது. மற்றொன்று, மெல்லிலை. தலைவி தழுவுவது மலரை அன்று, பற்றும் இலையையே. தலைவனைத் தொட இயலாதவள், அவன் மலையில் பிறந்ததும் தொடுகையை அறிவதுமான ஒன்றைத் தொடுகிறாள். ஓரறிவுயிரின் ஒரே அறிவு எதுவோ, அதன் வழியாகவே இருவர்க்கும் இடையே உறவு அமைகிறது. அன்னை தடுக்கவில்லை என்பதற்கு ஒழுக்கம் பற்றிய பொருளே முதன்மை. எனினும் நச்சுக் கிழங்குடைய கொடியை வீட்டில் நடுவது எந்தத் தாயும் கேள்வி எழுப்பத்தக்க செயல் என்பதையும் சேர்த்துக் கண்டால், தலைவியின் நன்றிக்கு மேலும் ஒரு காரணம் கிடைக்கிறது.

பெயர்கள் தரும் சான்று

காந்தளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களை அவற்றின் காரணம் நோக்கி மூன்றாக வகுக்கலாம்.

*செயல் பற்றியவை:* பற்றி, தலைச்சுருளி, கோடல். பற்றி ஏறுவதால் பற்றி. இலையின் தலை சுருள்வதால் தலைச்சுருளி. கோடு என்னும் வினையடிக்கு வளைதல் என்னும் பொருள் உண்டு. கோடல் என்னும் பெயர் அதனடியாகப் பிறந்ததாகக் கருத இடமுண்டு. கரை வளைந்து முடியும் முனைக்குரிய கோடி என்னும் சொல்லையும் அவ்வடியோடு இணைத்துக் காணலாம் எனில், கோடியக்கரையில் கோடல் வளர்வது சொல்லளவிலும் பொருத்தமாகிறது. இது கருதுகோளே, முடிபன்று.

*வடிவம், நிறம், காலம் பற்றியவை:* கலப்பைக் கிழங்கு, இலாங்கலி, அக்கினிச்சலம், தோன்றி, கார்த்திகைப்பூ. கிழங்கு இரு கைகளாகப் பிரிந்து வளைந்திருப்பதால் கலப்பை என்றாயிற்று. கலப்பையைக் குறிக்கும் வடசொல்லே இலாங்கலிக்கும் அடி. மறைந்த கொடி மழைக்குப்பின் மீண்டும் வெளிப்படுவதால் தோன்றி. கார்த்திகையில் பூப்பதால் ஈழத்தமிழரிடையே கார்த்திகைப்பூ என்பதே பெருவழக்கு.

*தீங்கு பற்றியது:* கண்வலிப்பூ, கண்வலிக் கிழங்கு. மலரை உற்றுநோக்கினால் கண் வலிக்கும் என்னும் நம்பிக்கை இப்பெயருக்குக் காரணம் கூறப்படுகிறது.

இப்பட்டியலில் ஓர் இடைவெளி உள்ளது. கிழங்கே கொடிய நஞ்சு. ஆனால் நஞ்சை நேரடியாகச் சுட்டும் பெயர் இவற்றுள் இல்லை. கண்வலி என்னும் பெயர் தீங்கைக் கண்ணுக்கு ஏற்றுகிறது. அச்சொல் சிறுவரை மலரிலிருந்து விலக்கி நிறுத்தும் வேலியாகப் பயன்பட்டிருக்கலாம். ஆனால் கிழங்கு என்னும் சொல் வள்ளி, சேனை, கருணை என உண்ணத்தக்க பொருள்களோடு பழகியது. உண்ணும் கிழங்கென மயங்கிக் காந்தள் கிழங்கை உண்டு நஞ்சேறிய நிகழ்வுகள் இலங்கையிலும் தமிழகத்திலும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. பெயர் ஒரு வாயிலை அடைத்து மறுவாயிலைத் திறந்துவிட்டது எனலாம்.

சங்க மலர்ப் பட்டியலிலும் பெயர்ச் சிக்கல் உண்டு. நிகண்டு மரபு செங்காந்தளையும் தோன்றியையும் ஒன்றாகவும், கோடலை வெண்காந்தளாகவும் கொள்கிறது. ஆனால் குறிஞ்சிப்பாட்டு காந்தள், கோடல், தோன்றி ஆகிய மூன்றையும் தனித்தனியே எண்ணுகிறது. காந்தள் மலர் அரும்பும்போது பசுமையாகவும், விரியும்போது மஞ்சளாகவும், முதிரும்போது செந்தழலாகவும் நிறம் மாறும் இயல்புடையது. ஒரே கொடியில் ஒரே நாளில் இந்நிறங்கள் அனைத்தையும் காணலாம். ஒரு மலரின் நிலைகளே வெவ்வேறு பெயர் பெற்றனவா, அல்லது மூன்றும் வெவ்வேறு தாவரங்களா என்பது தனித்து ஆராயத்தக்கது. நிகண்டின் சமன்பாட்டை அப்படியே ஏற்றுப் பாடல்களுக்குப் பொருள் காண்பது எச்சரிக்கையோடு செய்ய வேண்டிய பணி.

நஞ்சின் இயக்கம்

காந்தளின் எல்லா உறுப்புகளும் நச்சுத்தன்மை உடையவை. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. முதன்மை நஞ்சு கோல்ச்சிசின் என்னும் காரப்போலி. 1820இல் பிரான்சில் பெலத்தியே, கவந்து ஆகியோர் காந்தளின் குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பியச் செடியொன்றிலிருந்து இதனை முதலில் பிரித்தெடுத்தனர். உயிரணு பிரியும்போது நிறப்புரிகளை இருபுறமும் இழுத்துப் பிரிக்கும் நுண்ணிழைகள் உருவாவதை இந்நஞ்சு தடுக்கிறது. அதனால் உயிரணுப் பிரிவு இடையிலேயே நின்றுவிடுகிறது. விரைந்து பிரியும் உயிரணுக்களைக் கொண்ட குடற்சுவர், எலும்பு மச்சை, மயிர்க்கால் ஆகியவை பெரிதும் தாக்கப்படுகின்றன. முதலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும், சில நாள்களில் குருதியணுக் குறைவும் உறுப்புச் செயலிழப்பும் ஏற்படுகின்றன. பிழைத்தவர்க்கும் பின்னர் முடி உதிர்கிறது. முதல் அறிகுறிகள் தணிந்தாலும் இடர் நீங்கியதாகக் கொள்ளக் கூடாது என்பது இவ்வியக்கத்திலிருந்து பெறப்படும் செய்தி. எனவே உண்ட ஐயம் எழுந்த உடனேயே மருத்துவமனையை நாடுவது இன்றியமையாதது.

இந்நஞ்சே மருந்தும் ஆகிறது. கீல்வாத நோய்க்குக் கோல்ச்சிசின் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. இதய நோயிடரைக் குறைப்பதற்குக் குறைந்த அளவில் இதனைப் பயன்படுத்த 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இசைவளித்தது. 1937 முதல் பயிர்களின் நிறப்புரி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் கருவியாகவும் இது பயின்றுவருகிறது. ஆயுர்வேதம் இலாங்கலியை உபவிடங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. சித்த மருத்துவம் இக்கிழங்கை மோரும் உப்பும் கொண்டு தூய்மை செய்தபின்னரே பயன்படுத்தும் நெறியை வகுத்துள்ளது. கைம்மருத்துவமாக இதனைக் கையாளுதல் அந்நெறிக்குப் புறம்பானது.

இவ்விடத்தில் கட்டுரையின் மையக் கருத்தைக் கூறலாம். காந்தள் உணரும் உறுப்பு இலைநுனி. கொல்லும் ஆற்றல் குவிந்திருப்பது கிழங்கும் விதையும். இலைநுனி பற்றும் பொருளுக்கு எத்தீங்கும் நேர்வதில்லை. சுள்ளி சுள்ளியாகவே நிற்கிறது. கிழங்கின் நஞ்சு எதையும் தேடிச் செல்வதில்லை. தன்னை உண்ண வருவனவற்றிலிருந்து அடுத்த மழைக்காலம்வரை தன்னைக் காத்துக்கொள்கிறது. பற்றுவது வாழ்வதற்கு, நஞ்சு மீண்டும் தோன்றுவதற்கு. புனைகதைக் கொடிகளில் இவ்விரண்டையும் பிணைக்கும் மூன்றாம் பண்பாகிய விருப்பம் இங்கு இல்லை. தொல்காப்பியம் மனத்தை ஆறாம் அறிவாகத் தனித்து வைத்ததன் பொருள் காந்தளில் இவ்வாறு விளங்குகிறது.

நெய்தல் நிலத்துக் காந்தள்

காந்தள் குறிஞ்சிக்கு உரிய கருப்பொருள். கோடியக்கரையோ கடல்சார் நிலம். அடும்பு படர்ந்த மணலும் தாழைப் புதரும் நெய்தலுக்கு உரியவை. அவற்றுக்குச் சற்று உள்ளே காந்தள் வளர்வது திணை மரபுக்கு முரணாகத் தோன்றலாம்.

இம்முரண் தோற்றமே. தொல்காப்பிய அகத்திணையியல், ஒரு நிலத்துக்குரிய பூவும் பறவையும் வேறு நிலத்தோடு பொருந்தி வரினும், வந்த நிலத்தின் பயனையே தரும் என இடமளித்துள்ளது. கருப்பொருள் வகுப்பு என்பது பாடல் மரபின் அமைப்பு. தாவரப் பரவலின் வரைபடம் அன்று. நீர் தேங்காத மண், பற்றுவதற்குப் புதர், மழையும் வறட்சியும் மாறிவரும் பருவம் ஆகியவை காந்தளுக்குத் தேவை. மலைச்சாரல் இவற்றைத் தருவதுபோலக் கடற்கரை மணல்மேடும் தருகிறது. திணை நூலை வைத்துத் தாவரம் தேடுவோர் காந்தளை மலையில் மட்டுமே தேடுவர். கோடியக்கரைக் காந்தள் அத்தேடலின் குறையைக் காட்டுகிறது.

இன்றைய நிலை

கோல்ச்சிசினுக்கு உள்ள தேவையால் கரூர், திருப்பூர், திண்டுக்கல் மாவட்டப் பகுதிகளிலும் நாகை மாவட்டத்தின் வேதாரணியப் பகுதியிலும் காந்தள் பயிரிடப்படுகிறது. விதையே விலைபொருள். மலரில் சூல்தண்டு மகரந்தப் பைகளிலிருந்து விலகிப் பக்கவாட்டில் வளைந்து நிற்பதால் தன்மகரந்தச் சேர்க்கை எளிதாக அமைவதில்லை. எனவே பூக்கும் பருவத்தில் காலைதோறும் தொழிலாளர் ஒவ்வொரு மலரையும் தொட்டு மகரந்தம் சேர்க்கின்றனர். தொடுகையால் வாழும் கொடி, மனிதத் தொடுகையாலேயே விளைச்சல் தருகிறது.

பயிருக்கு வேண்டிய நடவுக்கிழங்கு காலங்காலமாகக் காட்டிலிருந்தே தோண்டப்பட்டது. கிழங்கின் ஒவ்வொரு கையின் முனையிலும் உள்ள முகையே முளைக்கும்; அம்முனை ஒடிந்தால் கிழங்கு பயனற்றதாகும். தோண்டுவோர் கிழங்கு முழுவதையும் எடுத்துவிட்டால், அவ்விடத்தில் அக்கொடி அற்றுப்போகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் இசைவின்றித் தாவரம் எடுப்பதைத் தடை செய்கிறது. சட்டத்தின் எல்லைக்கு வெளியே உள்ள வேலியோரங்களிலும் மணல்மேடுகளிலும் வளரும் காந்தளுக்கு அக்காப்பு இல்லை. சீமைக்கருவேலின் பரவலும் 2018 நவம்பரில் வேதாரணியம் அருகே கரையைக் கடந்த கஜா புயலும் இக்காட்டின் அமைப்பையே மாற்றியுள்ளன.

கொடியோடு அதன் பெயர்களும் குறைகின்றன. தலைச்சுருளி, பற்றி ஆகிய பெயர்கள் இன்று பேச்சு வழக்கில் அரியவை. சந்தைப் பெயரான கண்வலிக் கிழங்கே முன்னிற்கிறது. செயலை உற்றுநோக்கிப் பிறந்த பெயர்கள் மறைய, விலைபொருளின் பெயர் நிலைக்கிறது. கோடியக்கரை, வேதாரணியப் பகுதி முதியோரிடம் எஞ்சியுள்ள வழக்குப் பெயர்களையும், கிழங்கை உண்ணாது விலக்கும் எச்சரிக்கை வழக்குகளையும் களஆய்வால் தொகுப்பது தமிழியல் துறைகள் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணி. அகராதிப் பதிவுகளில் இனப்பெயரோடு நச்சுக் குறிப்பும் சேர்க்கப்படுதல் வேண்டும். அது சொற்பொருள் விளக்கத்தோடு உயிர்காப்பும் ஆகும்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்திலிருந்து பெறப்படும் முடிபுகள் வருமாறு:

1. காந்தளின் இலைநுனி தொடுகையை ஏற்று வளையும் இயல்பு, மரபியல் கூறும் ஊற்றுணர்வுக்குத் தமிழ் நிலத்திலேயே காணத்தக்க தெளிவான சான்றாகிறது.

2. மரபியலின் ‘அறிவு’ புலனுணர்வைக் குறிப்பது, மனத்தைக் குறிப்பதன்று. இவ்வேறுபாட்டைக் கருதாது, தாவரச் சிந்தனையைத் தொல்காப்பியர் முன்னறிந்தார் எனக் கூறுதல் நூற்பாவின் எல்லையை மீறுவதாகும்.

3. குறுந்தொகை 361ஆம் பாடல் காந்தளை மலராக மட்டுமன்றி, வேரும் இலையும் உடைய, தொடத்தக்க முழு உயிராகக் காண்கிறது.

4. காந்தளின் பழம்பெயர்களுள் சில அதன் உணர்வுச் செயலை நுட்பமாகப் பதிவு செய்கின்றன. அதன் நஞ்சை நேரடியாகச் சுட்டும் பெயரின்மை மயக்கத்துக்கு வழிவிட்டுள்ளது.

5. கோடியக்கரையில் காந்தள் வளர்வது கருப்பொருள் வகுப்பைத் தாவரப் பரவலோடு ஒன்றாகக் கொள்ளலாகாது என்பதை உறுதிப்படுத்துகிறது.

6. நிகண்டு ஒன்றெனக் கொள்ளும் காந்தள் – தோன்றி உறவும், கோடலின் அடையாளமும் மறுஆய்வுக்கு உரியவை.

ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகை மழையில் கோடியக்கரை மணலிலிருந்து எழும் இக்கொடி, தனக்கு அருகில் நிற்பதைத் தொட்டறிந்து பற்றிக்கொள்கிறது. அதனைத் தொட்டறிந்த மக்கள் இட்ட பெயர்களும் பாடிய பாடல்களும் இலக்கியத்தில் உள்ளன. கிழங்கு மணலில் எஞ்சியிருக்கும்வரை அவற்றை நேரில் கண்டு சரிபார்க்கும் வாய்ப்பு ஆய்வுலகுக்கு உண்டு.